இலகு டிரெய்லருக்கு டயர் காற்று எவ்வளவு? டயரில் எழுதியிருக்கும் 50ஆ, கடைக்காரர் சொன்ன 35ஆ?

வடலி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாள் விடுமுறைக்கு இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வடக்கே முகாமுக்குப் போகிறோம். அதற்குள் இந்தக் கேள்விக்கு ஒரு தெளிவு வேண்டும்.

என்னிடம் இருப்பது ஐந்தடிக்கு எட்டடி அலுமினிய டிரெய்லர். வெறும் எடை 420 இறாத்தல் (பவுண்டு). ஒற்றை அச்சு, பட்டை ஸ்பிரிங், பிரேக் கிடையாது. அச்சின் தாங்குதிறன் 2000 இறாத்தல். டயர் எஸ்டி175/80ஆர்13 (எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த வகை), சுமை வகுப்பு சி. பக்கச்சுவரில் "அதிகபட்சச் சுமை 1360 இறாத்தல், 50 பிஎஸ்ஐ, குளிர்ந்த நிலையில்" என்று இருக்கிறது (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அலகு). டிரெய்லர் சட்டத்தின் இடப்பக்க முன்மூலையில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் 345 கிலோபாஸ்கல், 50 பிஎஸ்ஐ என்றே போட்டிருக்கிறார்கள்.

டிரெய்லரை விற்றவர் "எப்போதும் 50, யோசிக்கவே வேண்டாம்" என்றார். இந்த வசந்தத்தில் டயர் மாற்றிய கடையில் 35 அடித்துக் கொடுத்து, "இவ்வளவு இலகுவான வண்டிக்கு இது தாராளம்" என்றார்கள். இருவருமே இதே தொழிலில் இருப்பவர்கள்.

50 வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை 60இல் அல்கொன்குயின் பூங்கா வரை நன்றாகவே போய்வந்திருக்கிறோம். சரளைச் சாலையில் இறங்கியதும்தான் வண்டி துள்ளத் தொடங்குகிறது. சென்றமுறை குளிர்பெட்டியின் பூட்டு கழன்றுவிட்டது. காஸ் அடுப்பின் ஒரு கால் வளைந்துவிட்டது. பின்கண்ணாடியில் பார்த்தால் சக்கரம் சில வேளை தரையை விட்டே எழும்புகிறது. காற்றைக் குறைக்கலாமா? குறைப்பதென்றால் எதுவரை?

---

நாமக்கல்லான் (பிராம்டன்)

தம்பி, 50ஐத் தொடாதீர்கள். எங்கள் குடும்பம் லாரிக் குடும்பம். டயர் வெடித்து ஓரம் கட்டிய வண்டிகளைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைந்த டயர்தான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூடு. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் பட்டைகள் ரப்பரிலிருந்து பிரியும். அதற்குப் பிறகு பட்டன், அதாவது தரையைத் தொடும் வெட்டுகள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பயனில்லை.

குளிர்பெட்டியின் பூட்டை மாற்றிக்கொள்ளலாம். நெடுஞ்சாலை 401இல் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே டயர் கிழிந்தால் பின்னால் வருகிறவர் நிலைமை என்ன? துள்ளல் குறைய வேண்டுமென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

---

தச்சுப்பட்டறை (பாரி)

நாமக்கல் அண்ணா சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் எது "குறைந்த" காற்று என்பதை அந்த டயரின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை தெரியாமல் சொல்ல முடியாது. வடலி, உங்கள் பதிவில் எல்லா எண்களும் இருக்கின்றன. சாமான் ஏற்றிய பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு இறங்குகிறது என்ற எண் மட்டும் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

டயரில் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். "50 பிஎஸ்ஐ வை" என்று அது சொல்லவில்லை. "1360 இறாத்தல் சுமக்க வேண்டுமானால் 50 பிஎஸ்ஐ வேண்டும்" என்கிறது. சுமை குறைந்தால் அதைத் தாங்கத் தேவையான காற்றும் குறையும். இதற்காகவே டயர் நிறுவனங்கள் சுமை-அழுத்த அட்டவணை வெளியிடுகின்றன. உங்கள் அளவுக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்: 20 பிஎஸ்ஐக்கு 795 இறாத்தல், 30க்கு 1000, 35க்கு 1100, 40க்கு 1190, 50க்கு 1360.

இப்போது உங்கள் தகட்டைப் பாருங்கள். அச்சின் திறனே 2000 இறாத்தல்தான். ஒரு சக்கரத்துக்கு 1000. அட்டவணைப்படி அதற்கு 30 போதும். அப்படியிருந்தும் தகட்டில் 50 போட்டிருக்கிறார்கள். டிரெய்லரை எவர் வாங்குவார், எதை ஏற்றுவார், எந்த வேகத்தில் இழுப்பார் என்று தயாரிப்பவருக்குத் தெரியாது. தோட்ட மண்ணை அளவுக்கு மீறி நிரப்பிக்கொண்டு 120இல் போகிறவரையும் மனத்தில் வைத்துத்தான் அந்த எண் எழுதப்படுகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

துள்ளலுக்கு வருவோம். உங்கள் ஸ்பிரிங் 2000 இறாத்தலுக்குச் செய்யப்பட்டது. அரைப் பாரத்தில் அது கிட்டத்தட்ட வளைவதே இல்லை. இந்த வகை டிரெய்லர்களில் அதிர்வு தாங்கியும் கிடையாது. ஆகவே குழியையும் கல்லையும் வாங்கிக்கொள்ள மிஞ்சியிருப்பது டயர் ஒன்றுதான். அதையும் 50இல் இறுக்கிவிட்டால் ஒவ்வொரு அடியும் நேராகச் சட்டத்துக்குப் போகிறது. குளிர்பெட்டியின் பூட்டோடு இது நிற்காது. அலுமினியச் சட்டத்தில் வெல்டிங் செய்த இடங்களும், விளக்குக் கம்பிகளும், ரிவெட்டுகளும் இதே அதிர்வில்தான் விட்டுப்போகின்றன. காற்று கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எல்லா நிலையிலும் சொல்ல முடியாது. தரையில் ஒட்டாத சக்கரம் ஈரச் சாலையில் பக்கவாட்டில் நழுவும்.

எனவே முதலில் எடை போடுங்கள். முகாமுக்கு ஏற்றுவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கலன்களையும் நிரப்புங்கள். லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்கள் சிலவற்றில் கட்டண எடைமேடை இருக்கிறது. கழிவு ஒப்படைக்கும் நிலையங்களில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எடை போடுவார்கள். மேடையில் கூட்டம் இல்லாத வேளை பார்த்துப் போய்ப் பணியாளரிடம் தன்மையாகக் கேட்டால், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்க்க விடுவார்கள். நுகத்தடியின் எடைக்கு, அதாவது டிரெய்லரின் முன்மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடைக்கு, வீட்டில் ஆள் நிற்கும் தராசு போதும். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, டிரெய்லர் மட்டமாக நிற்கும் உயரத்தில் கொக்கி மூக்கை அதன்மேல் இறக்குங்கள்.

---

வெண்பனி (ஒட்டாவா)

தச்சுப்பட்டறை அண்ணா சொன்ன அட்டவணையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த இழையைப் படிக்கும் ஒருவர் தன் எடையை அட்டவணையில் தேடி, அதே எண்ணைக் காற்றாக அடித்துவிடக் கூடும் என்று பயப்படுகிறேன்.

அட்டவணை காட்டுவது அந்தச் சுமைக்கான அடிமட்டம். அதற்குக் கீழே போனால் டயருக்குக் கேடு. நாம் ஓட்ட வேண்டிய இடம் அதற்கு நன்றாக மேலே. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறுகிறது. பக்கக் காற்று தள்ளுகிறது. லாரி ஒன்று கடந்து போகும்போது டிரெய்லர் அசைகிறது. பக்கச்சுவர் தளர்வாக இருந்தால் அந்த அசைவு அடங்க நேரமெடுக்கும். இழுவையில் வாலாட்டம் தொடங்குவது இப்படித்தான். குழியில் விழும்போது விளிம்பு அடிபடாமல் காப்பதும் காற்றுதான்.

வேகமும் முக்கியம். எஸ்டி வகை டயர்களின் சுமைக் கணக்கு நெடுங்காலமாக மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் என்ற அடிப்படையில் அமைந்தது. பக்கச்சுவரில் வேக எழுத்து எல் என்றிருந்தால் 120 வரையும், எம் என்றால் 130 வரையும், என் என்றால் 140 வரையும் தாங்கும். எழுத்தே இல்லாத டயரை 105க்கு மேல் இழுக்கக் கூடாது. உங்கள் டயரில் என்ன இருக்கிறது, வடலி?

இன்னொன்று. சில டயர் நிறுவனங்கள் டிரெய்லருக்கு எப்போதும் பக்கச்சுவர் அழுத்தமே வை என்று எழுதுகின்றன. ஓட்டத்தில் துள்ளல் தொல்லை இருந்தால் மட்டும் அட்டவணையைப் பார்த்துக் குறைக்கலாம் என்று சொல்பவையும் உண்டு. முன்னும் பின்னுமாக இரட்டை அச்சு இருக்கும் டிரெய்லருக்கு முதல் அறிவுரை மிகவும் பொருத்தம். திரும்பும்போது அந்த நான்கு டயர்களும் பக்கவாட்டில் இழுபட்டு உள்ளுக்குள் முறுக்கப்படுகின்றன. இறுக்கமான காற்று அதைக் குறைக்கும். ஒற்றை அச்சில் அந்த முறுக்கு மிகச் சிறியது. அதனால்தான் வடலியின் வண்டிக்குக் குறைக்க இடமிருக்கிறது என்கிறேன். இரட்டை அச்சுக்காரர்கள் இதைப் பார்த்துத் தங்கள் வண்டியில் செய்துவிட வேண்டாம்.

---

வடலி

நன்றி வெண்பனி அக்கா. எழுத்து எம். தச்சுப்பட்டறை அண்ணா, நேற்றுப் பின்னேரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் எடை போட்டேன். மேடைப் பணியாளர் நல்ல மனிதர்; மூன்று முறை ஏற்றி இறக்க விட்டார்.

மொத்தம் 670 கிலோ. இடச் சக்கரம் 320, வலச் சக்கரம் 275, மூக்கு 75. இறாத்தலில் சொன்னால் இடம் 705, வலம் 606, மூக்கு 165. இடது சக்கரத்தில் 45 கிலோ கூடுதலாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தண்ணீர்க் கலன்கள், சமையல் பெட்டி, அரிசி மூட்டை மூன்றும் அந்தப் பக்கம்.

---

தச்சுப்பட்டறை

அருமை. இப்போதுதான் பேச ஏதாவது இருக்கிறது.

மூக்கு எடை மொத்தத்தில் 11 விழுக்காடு. 10க்கும் 15க்கும் இடையில் இருக்க வேண்டும், இருக்கிறது. அதைக் கலைக்காமல் தண்ணீரை நடுவுக்கு நகர்த்துங்கள். முன்பின்னாக நகர்த்தாமல் இடமிருந்து வலமாக நகர்த்தினால் மூக்கு எடை மாறாது.

கணக்கை எப்போதும் பாரம் கூடிய சக்கரத்துக்குப் போட வேண்டும். இரண்டு பக்கமும் அதே காற்று. 705 இறாத்தலுக்கு அட்டவணை 20க்கும் கீழே காட்டும். அக்கா எச்சரித்த இடம் இதுதான். 20 வைத்துக்கொண்டு யாரும் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. 35 வைத்தால் டயர் 1100 தாங்கும். உங்கள் சுமைக்கு மேல் பாதிக்கும் அதிகமான இருப்பு. 40 என்றால் 1190. என் யோசனை நெடுஞ்சாலைக்கு 38 அல்லது 40. உங்கள் கடைக்காரர் சொன்ன 35உம் இந்தப் பாரத்துக்குத் தவறில்லை. அவர் எடை கேட்காமல் சொன்னார் என்பதுதான் என் வருத்தம். இதே டிரெய்லரில் நாளை நீங்கள் கருங்கல் தளம் போடக் கல் ஏற்றினால் அந்த 35 மெல்லிய இடைவெளிதான் தரும். பாரம் ஏற்றும் நாளில் 50க்குத் திரும்பிவிடுங்கள்.

எண்ணை நம்பாமல் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கரும்பலகைச் சுண்ணக்கட்டியால் டயரின் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை தடித்த கோடு ஒன்று இழுங்கள். பாரம் ஏற்றியபடியே காய்ந்த தார்ச்சாலையில் நேராக முப்பது நாற்பது மீட்டர் மெல்ல ஓட்டி இறங்கிப் பாருங்கள். 50இல் கோட்டின் நடுப்பகுதி மட்டும் அழிந்து இரு ஓரங்களிலும் வெள்ளை அப்படியே நிற்கும். டயர் நடு முதுகில் மட்டும் உருளுகிறது என்று பொருள். ஐந்து ஐந்தாகக் குறைத்து மறுபடி கோடு இழுங்கள். வெள்ளை ஓரத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். கோடு ஏறக்குறைய முழு அகலத்துக்கும் சமமாக மங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். ஓரங்கள் அழிந்து நடுவில் வெள்ளை மிஞ்சினால் தாண்டிவிட்டீர்கள், காற்றை ஏற்றுங்கள். இந்தச் சோதனை அட்டவணைக்கு மாற்று ஆகாது. அட்டவணைக்கு மேலே எங்கே நிற்பது என்று காட்டும், அவ்வளவுதான்.

---

நாமக்கல்லான்

எடை போட்டு வந்தது நல்ல வேலை தம்பி. இந்த எண்களைப் பார்த்த பிறகு 40ஐ நான் மறுக்க மாட்டேன். 705 சுமைக்கு 1190 தாங்கும் காற்று இருந்தால் அது காற்றுக் குறைந்த டயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் லாரிகள் பாரத்துக்கு மேல் பாரம் ஏற்றி ஓடியவை. அங்கே கமான் பட்டை எப்போதும் வளைந்தேதான் இருக்கும். உங்கள் நிலை நேர்மாறு.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, காற்றுமானி உங்களுடையதாக இருக்க வேண்டும். எரிபொருள் நிலையத்துக் குழாயில் இருக்கும் மானி எத்தனை முறை தரையில் விழுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஐந்து பவுண்டு பொய் சொன்னால், 50 வைப்பவருக்கு 45 ஆகும், ஒன்றும் ஆகாது. கணக்காகக் குறைத்து வைப்பவருக்கு அது பெரிய பொய். இரண்டு, ஸ்டெப்னியை 50இலேயே வையுங்கள். அது மாதக்கணக்கில் சும்மா கிடந்து கசிந்துகொண்டிருக்கும். தேவைப்படும் நாளில் இறக்கிக்கொள்வது எளிது. இல்லாத காற்றை ஏற்றுவதுதான் கடினம்.

---

செம்மண் (பெர்த்)

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குரல். இங்கே கிம்பர்லியில் கிப் ரிவர் சாலை போன்ற நெடிய மண்சாலைகளில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குக் காற்றிறக்குவது அன்றாட வேலை. தகரக்கூரைபோல வரிவரியாக நெளிந்த சாலை அது. நெடுஞ்சாலைக் காற்றோடு அதில் ஏறினால் திருகாணிகள் ஒவ்வொன்றாக உதிரும்.

வடலி, சரளைக்கு இறங்கும் இடத்தில் 26 முதல் 28 வரை குறையுங்கள். உங்கள் சுமைக்கு அது இன்னமும் அட்டவணைக்கு மேல்தான். ஆனால் காற்று குறைந்த அளவுக்கு வேகமும் குறைய வேண்டும். சரளையில் 60 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். இறக்கிய காற்றோடு தார்ச்சாலையில் 100இல் போனால் நாமக்கல் அண்ணா சொன்ன அதே சூடுதான் வரும். ஆகவே கையில் சிறிய கம்ப்ரசர் இருப்பவர் மட்டுமே காற்றை இறக்கலாம். அது இல்லாவிட்டால் 38இலேயே மெதுவாகப் போங்கள்.

இங்கே நாங்கள் வைத்திருக்கும் ஒரு சோதனை உங்களுக்கும் உதவும். காலையில் புறப்படுமுன் காற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி மறுபடி பாருங்கள். இலகு டயர்களில் ஏற்றம் 4 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். 7, 8 என்று ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது. காலையில் வைத்தது போதவில்லை அல்லது வேகம் அதிகம். ஏறவே இல்லையென்றால் தேவைக்கு மேல் இறுக்கம். சூடான டயரிலிருந்து மட்டும் காற்றை இறக்காதீர்கள். தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். முழுதாக ஆறியிருக்காது என்பதால் மானியில் இரண்டு பிஎஸ்ஐ கூட்டியே நிறுத்துங்கள்.

---

வெண்பனி

"குளிர்ந்த நிலை" என்பதைப் பற்றி ஒரு சொல். வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். வெயில் ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கத்து டயர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடுவார்கள்.

நம் ஊர்க் குளிரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 18 பாகை கதகதப்பான கராஜுக்குள் 50 அடித்துவிட்டு, விடியற்காலை 2 பாகையில் வெளியே எடுத்தால் அதே டயரில் 46 சொச்சம்தான் இருக்கும். கசிவு எதுவும் இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது. 38 வைத்தவருக்கு 35 ஆகும். புறப்படும் இடத்தின் குளிரில் வெளியே வைத்து அளந்து அடியுங்கள்.

இன்னும் ஒன்று, காற்றோடு நேரடித் தொடர்பில்லாதது. 1360 என்ற எண் இரண்டு இடங்களில் வருவதால் பலர் குழம்புகிறார்கள். டயரில் இருப்பது இறாத்தல். ஒன்ராறியோவில் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமாகும் எல்லை 1360 கிலோ மொத்த எடை, ஏறத்தாழ 3000 இறாத்தல். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

---

வடலி

போய் வந்துவிட்டோம். அனைவருக்கும் நன்றி, நடந்ததை எழுதுகிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவட்டும்.

தண்ணீரையும் அரிசியையும் நடுவுக்கு மாற்றி மறுபடி எடை போட்டதில் இடம் 300, வலம் 295. சுண்ணக்கட்டிச் சோதனையில் 50இல் நடுவே நாலு விரல் அகலம் மட்டும் அழிந்தது. 40இல் ஓரத்தில் விரற்கடை அளவு வெள்ளை மிச்சம். 35இல் கிட்டத்தட்ட முழுதும் மங்கியது. 38 வைத்துப் புறப்பட்டேன். நெடுஞ்சாலை 400இல் வேகம் 100க்கு மேல் போகவில்லை. ஹண்ட்ஸ்வில்லில் நிறுத்தி அளந்தபோது இரு பக்கமும் 42. செம்மண் அண்ணா சொன்ன 4 அப்படியே வந்தது.

பக்கத்தில் லாரி கடந்தபோது அசைவு முன்பைவிடக் குறைவாகவே இருந்தது. அது காற்றாலா, தண்ணீரை நகர்த்தியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சரளையில் 28, வேகம் 50. சக்கரம் தரையிலேயே இருந்தது. முட்டை அட்டையில் ஒன்றுகூட உடையவில்லை என்று மனைவி எழுதச் சொன்னாள்.

ஒரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். 28இலிருந்து 38க்குத் திரும்ப ஏற்ற அந்தச் சிறிய கம்ப்ரசர் ஒரு டயருக்கு ஏழெட்டு நிமிடம் எடுத்தது, நுளம்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் காருக்குள் இருந்து கத்தினார்கள். ஆனாலும் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நெடுஞ்சாலைக்கு ஏறியிருக்க மாட்டேன்.

---

ரைன்கரை (டுசல்டோர்ஃப்)

நல்ல இழை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்காக: இங்கே எல்லாம் பார் அலகு. 50 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 3.45 பார், 38 என்பது 2.6. எங்கள் 750 கிலோ பிரேக் இல்லாத டிரெய்லர்களுக்கும் தச்சுப்பட்டறை அண்ணா சொன்ன முறையே பொருந்தும். ஆனால் அட்டவணை வேறு. 195/50ஆர்13சி போன்ற குட்டையான சரக்கு டயர் மாட்டியிருப்பவர்கள் முழுச் சுமைக்கு 6 பாருக்கு மேல் வைக்க வேண்டும். 2.6 என்பதை இங்கே படித்துவிட்டு அதில் வைத்தால் டயர் நாசம்.

ஜெர்மனியில் டிரெய்லரை 80க்குப் பதிலாக 100இல் இழுக்க அனுமதி வாங்கும்போது டயர் ஆறு ஆண்டுக்கு உட்பட்டதாகவும் வேக எழுத்து எல் அல்லது அதற்கு மேலாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கனடாவில் இருப்பவர்களும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இலகு டிரெய்லரின் டயர் தேய்ந்து சாவதில்லை. ஆண்டில் பத்து மாதம் நின்ற இடத்திலேயே வெயிலில் வெடிப்பு விட்டுத்தான் சாகிறது. பட்டன் புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

---

தூண்டில் (கிங்ஸ்டன்)

எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் அலுமினிய மீன்பிடிப் படகு, அதற்கு ஒரு சின்ன டிரெய்லர். டயர் 4.80-12, சுமை வகுப்பு பி. வடலியின் டிரெய்லரைவிட இலகுவானது. அப்படியானால் 35 எனக்குத் தாராளமாகப் போதும்தானே? இதுவரை 60 வைத்திருந்தேன்.

---

தச்சுப்பட்டறை

தூண்டில், கூடாது. இன்றே மறுபடி 60க்கு ஏற்றிவிடுங்கள்.

உங்கள் டயர் ஒடுங்கலானது. உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. சுமை வகுப்பு பியில் 60 பிஎஸ்ஐ வைத்தால்தான் அது 780 இறாத்தல் தாங்கும். வடலியின் டயர் 20 பிஎஸ்ஐயிலேயே அந்தச் சுமையைத் தாங்கிவிடுகிறது. சுமை ஒன்றே, டயர் வேறு, காற்று மூன்று மடங்கு. தவிர உங்கள் டயரில் இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் ஆர் வகை (ரேடியல்) டயரைவிட வேகமாகச் சூடேறும். சக்கரம் சிறியது என்பதால் அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்றும் சுற்றுகிறது. படகு, எஞ்சின், எரிபொருள், பாட்டரி, டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் கூட்டினால் அந்த 780க்கு எவ்வளவு அருகில் நிற்கிறீர்கள் என்பதை எடை போட்டால்தான் தெரியும். பெரும்பாலும் மிக அருகில்தான் இருக்கும்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும்: இந்த இழையில் வரும் 38உம் 28உம் எஸ்டி175/80ஆர்13 டயரில், சக்கரத்துக்கு 705 இறாத்தலுக்கு உட்பட்ட சுமைக்கு, ஒற்றை அச்சுக்கு. அளவு மாறினால் உங்கள் டயரின் அட்டவணையைத் தேடி எடுங்கள். பழைய கார் டயரை டிரெய்லரில் மாட்டியிருப்பவர்கள் பக்கச்சுவரில் உள்ள சுமையை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். காருக்குச் சொன்ன சுமையை டிரெய்லரில் அது முழுதாகத் தராது.

---

தூண்டில்

கேட்டது நல்லதாய்ப் போயிற்று. 60க்கு ஏற்றிவிட்டேன். எடையும் போடுகிறேன். எடை அதிகமாக வந்தால் இதே அளவில் சுமை வகுப்பு சி டயர் வாங்கலாமா? அதில் 90 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறதே, பழைய சக்கர வளையத்திலேயே மாட்டலாமா?

---

வெண்பனி

வகுப்பு சி 90இல் 990 இறாத்தல் தாங்கும். ஆனால் மாட்டுமுன் இரண்டைப் பாருங்கள். வளையத்தின் பின்புறம் அதன் அதிகபட்சச் சுமையும் சில வேளை அழுத்தமும் அச்சடித்திருக்கும். அது டயரைவிடக் குறைவாக இருந்தால் குறைந்த எண்ணே உங்கள் எல்லை. அச்சின் தாங்குதிறனும் அப்படியே. புது டயர் அதைக் கூட்டித் தராது.

அடுத்தது வால்வு. சாதாரண கார்களில் அழுத்திப் பொருத்தும் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குத்தான் செய்யப்பட்டது. 90க்கு அது ஆகாது. மரை போட்டு இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள். டயரைக் கழற்றும்போதே மாற்றிவிட்டால் கூலி தனியாக வராது. கடையில் நீங்களாகச் சொல்லாவிட்டால் கையில் இருக்கும் ரப்பர் வால்வையே போட்டு அனுப்பிவிடுவார்கள்; வளையத்தை மாட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.